பேனல் மேல் எழுதிய உபயம்

சித்திரை வெயிலில் காட்டோடை வற்றிப்போனது. பாறைக் குழி ஒன்றில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதில் மரகதம் என்ற தவளையின் முந்நூறு தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக்கூட இன்னும் கால் முளைக்கவில்லை. அதற்குள் குழி காய்ந்தால் முந்நூறும் கருவாடுதான்!

மரகதம் அலறியடித்துக்கொண்டு மரங்கொத்தியிடம் போனது. காட்டிலேயே ஒயர் வேலை தெரிந்தது அது ஒன்றுதான்.

“கீழே சுனையில தண்ணி இருக்கு அக்கா. மேல ஏத்தத்தான் மோட்டார் வேணும். என்கிட்ட ஒரு சின்ன மோட்டார் இருக்கு. ஆனா ஊர்க் கரண்டுக் கம்பி இந்தக் காட்டுக்குள்ள வராது.”

“அப்ப என் புள்ளைங்க?”

“கம்பி வராட்டி என்ன? சூரியன் வருதே!”

பாறை மேல் சோலார் பேனல் வைக்க வேண்டும். வெயில் பட்டால் அதில் கரண்ட் பிறக்கும். மோட்டார் ஓடியது போக மிச்சம் பேட்டரியில் சேரும். பொழுது சாய்ந்ததும் பேட்டரி மோட்டாரை ஓட்டும். நடுவில் ஒரு சின்னப் பெட்டி காவல் இருக்கும். பேட்டரி நிரம்பினால் போதும் என்று தடுக்கும். ரொம்ப இறங்கினால் மோட்டாரை நிறுத்திப் பேட்டரியைக் காப்பாற்றும். இவ்வளவுதான் விஷயம்.

கரடி வீரபாகு பேனல் கொடுத்தார். காட்டுப்பன்றி கொம்பையா பேட்டரி கொடுத்தார். நரி சம்புலிங்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. ஆகவே அவர் விழாக் குழுத் தலைவர் ஆனார்.

மரங்கொத்தி எல்லாவற்றையும் மாட்டி, மூன்று நாள் வெயிலில் பேட்டரியை நிரப்பி வைத்தது. நான்காம் நாள் திறப்பு விழா. கரடியார் கரியையும் பிசினையும் குழைத்த சட்டியோடு வந்தார். பேனலின் குறுக்கே ‘உபயம்: வீரபாகு’ என்று எழுத ஆரம்பித்தார்.

“அண்ணே, அண்ணே! அது வெயில் படுற இடம்!” என்று மரங்கொத்தி கத்தியது.

“கொடுத்தவன் பேரு தெரிய வேண்டாமா?”

“கட்டம் கட்டமா இருக்கு பாருங்க. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்தது. ஒரு கட்டத்த மறைச்சாலும் மொத்தமும் சோர்ந்துடும்!”

“என் பேரு பட்டு எதுவும் சோர்ந்ததில்ல!”

பன்றியாருக்குப் பொறுக்கவில்லை. “நான் கொடுத்த பேட்டரி புதருக்குள்ள கிடக்கு. அதுல எழுதினா எவன் பாப்பான்?” என்று அவரும் பேனலில் எழுதினார். மிச்சம் இருந்த இடத்தில் ‘தலைமை: சம்புலிங்கம்’ என்று நரியார் எழுதிக்கொண்டார். எழுத்திலேயே பெரிய எழுத்து அதுதான். ஓரத்தில் கொஞ்சம் பளபளப்பு தெரிந்தது. அதையும் விடாமல் சந்தனம் பூசினார்கள்.

மோட்டார் ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். நரியார் ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் சூரியனுக்கும் நன்றி சொன்னார்.

மறுநாள் தண்ணீர் நூலாக வந்தது. மூன்றாம் நாள் மதியம் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் நின்றது.

“பார்த்தீங்களா, கோளாறு பெட்டியிலதான்!” என்றார் நரியார். “நம்ம பேட்டரி, நம்ம கரண்ட். தடுக்க இது யாரு? பிடுங்குங்க!”

பன்றியார் கொம்பால் பெட்டியைப் பிடுங்கி எறிந்து, ஒயரோடு ஒயரை முறுக்கினார். மோட்டார் ஓடியது. “தலைவர் வாழ்க!” என்று கோஷம் எழுந்தது. பொழுது சாய்வதற்குள் பேட்டரி ஒட்ட வறண்டு, ஒரேயடியாகச் செத்தது.

மரங்கொத்தி தட்டிப் பார்த்தது. “இனி இது பேட்டரி இல்ல அக்கா, பாறாங்கல்லு.”

அடுத்த நாள் குழி பாதியாகக் குறைந்தது. ஓரத்தில் ஒதுங்கிய தலைப்பிரட்டைகள் சேற்றில் துடித்துச் செத்தன. மரகதம் மூவர் காலிலும் விழுந்தது.

“அந்தப் பேர அழிச்சுடுங்கண்ணே! புள்ளைங்க போகுதுண்ணே!”

“முதல்ல பன்றி அழிக்கட்டும்” என்றார் கரடியார்.

“தலைவர் அழிச்சா நானும் அழிக்கிறேன்” என்றார் பன்றியார்.

“இதையெல்லாம் கூட்டம் போட்டுத்தான் முடிவு பண்ணணும். அடுத்த மாசம் வைப்போம்” என்றார் நரியார்.

பெற்றவள் காலில் கிடக்கிறாள், இவர்கள் கூட்டத்துக்குத் தேதி குறிக்கிறார்கள்! இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

மரகதம் எழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“ஒரு சந்தேகம் அண்ணே. பேனல் வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு. அதுல உங்க பேர யாரு படிக்கிறா?”

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பருந்து போய்க்கொண்டிருந்தது. அது குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“பாதையோரமா மொட்டைப் பாறை இருக்கே, அதுல எழுதினா புலி ராஜா தினமும் படிப்பாரு. ஆனா ரெண்டு இடத்துல பேரு இருந்தா, எது அசல்னு கேப்பாரு.”

சொல்லி முடிக்கவில்லை. கரடியார் நகத்தால் சுரண்டினார். பன்றியார் முதுகால் தேய்த்தார். நரியார் தன் வாலாலேயே துடைத்தார்! பேனல் பளிச்சென்று ஆனது. மரங்கொத்தி செத்த பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேனல் ஒயரை நேராக மோட்டாரில் மாட்டியது. மோட்டார் உறுமியது. தண்ணீர் குபுகுபுவென்று குழியில் விழுந்தது.

பேட்டரி செத்ததால் மோட்டார் பகலில் மட்டும் ஓடியது. ராத்திரியில் குழி இறங்கும், காலையில் ஏறும். பத்து நாளில் பிள்ளைகளுக்குக் கால் முளைத்தது. மரகதம் கரையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. நூற்றுப் பன்னிரண்டுதான் வெளியே குதித்தன. மறுபடியும் எண்ணியது. நூற்றுப் பன்னிரண்டுதான்.

அன்று புலி ராஜா பாதையில் வந்தார். மொட்டைப் பாறையில் இருந்த மூன்று உபயங்களையும் நிதானமாகப் படித்தார். பக்கத்தில் மூவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

“இந்தப் பாறை எங்க பாட்டன் காலத்துலேருந்து இங்கதானே கிடக்கு! இத நீங்க எப்பய்யா கொடுத்தீங்க?” என்று கேட்டுவிட்டு ராஜா தன் வழியே போனார்.

தன் பெயர் தெரிய வேண்டும் என்று கொடுத்த பொருளையே மறைப்பவன், கொடுத்ததைத் திரும்பப் பறித்துக்கொண்டவனே ஆவான்.