பின்கட்டைக்குச் சொந்தக்காரர்

முன்னொரு காலத்தில், துப்பாக்கி புதிதாக வந்து இறங்கியிருந்த ஒரு நாட்டில், குறி தவறுவதைத் தவிர வேறு குறையே இல்லாத ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் வேட்டையில் மூன்று முறை சுட்டும் மான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற கரும்புத் தோட்டக்காரன் ஒருவன், மகாராஜாவுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, தன் துப்பாக்கியைத் தோளில் ஊன்றி ஒரே வெடியில் மானைச் சாய்த்துவிட்டான். ராஜா அவனுக்குப் பரிசு கொடுத்தார். ஆனால் அன்று முழுதும் அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு சட்டம் பிறந்தது. தோளில் ஊன்றுவதற்குப் பின்கட்டை வைத்த துப்பாக்கி எல்லாம் இனிமேல் படைக்கலம். அரண்மனை ஆணை இல்லாமல் அதை வைத்திருப்பவன் சூரியன் மறைவதற்குள் நாட்டைவிட்டுப் போகவேண்டும். கட்டை இல்லாமல் கையில் பிடித்துச் சுடுவது வெறும் வெடிக்குழாய். பன்றி விரட்ட யாரும் வைத்துக்கொள்ளலாம். குழாய் அதேதான், மருந்தும் அதேதான். ஒரு முழ மரம்தான் குடியானவனைக் குற்றவாளி ஆக்கியது.

சட்டத்தை எழுதியவர் ஆயுதசாலைத் தலைவர் செவ்வந்திநாதர். ராஜாவின் மனத்தில் என்ன எரிகிறது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே வியாதி அவருக்கும் பதினான்கு வருஷமாக இருந்தது. அவருடைய வியாதியின் பெயர் தாண்டவன்.

தாண்டவன் சபையின் விகடகவி. குட்டையான ஆள், கைகளும் குட்டை. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே ராஜாவின் உதடு சிரிக்கத் தயாராகிவிடும். செவ்வந்திநாதர் படைக்கலங்களின் நிலையை எடுத்துச் சொல்லும்போது அதே உதடு கொட்டாவிக்குத் தயாராகும். ஒருமுறை அவர் வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒரு வேடிக்கைப் பேச்சைச் சொல்லிப் பார்த்தார். பல் வலியா என்று மனைவி கேட்டாள். அதற்குப் பிறகு அவர் முயற்சி செய்யவில்லை. ராஜா ஒரே ஒரு முறை தம்மால் சிரித்தால் போதும் என்ற ஆசையை மட்டும், வெளியே தெரியாத புண்ணைப்போல, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த நாட்டில் ஆயுத பூஜைக்கு முன் சபையோர் எல்லாருடைய ஆயுதங்களும் ஆயுதசாலைக்கு வரும். துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் இட்டுப் பூஜை முடித்து, பட்டில் சுற்றி முடிச்சுப் போட்டு வீடுகளுக்கு அனுப்புவார்கள். விஜயதசமியன்று ராஜாவின் முன்னால்தான் முடிச்சை அவிழ்க்கவேண்டும். அதற்குள் தொடுவது பாவம். தாண்டவனின் வெடிக்குழாயும் வந்தது. அவன் கொல்லையில் கரும்புக்கு வரும் பன்றிகளை விரட்டுகிற, துருப்பிடித்த, மொட்டையான குழாய்.

செவ்வந்திநாதர் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு பொன்னையா ஆசாரியைக் கூப்பிட்டு, இதற்கு ஒரு பின்கட்டை வேண்டும் என்றார்.

ஆசாரி கேள்வி கேட்கவில்லை, கயிற்றை எடுத்தார். "கையை நீட்டுங்க எஜமான். ஆளோட கை தெரியாம கட்டையில நான் உளி வைக்கமாட்டேன்."

வேறொருவனின் கையைக் காட்டினால் ஒரு சாட்சி கூடிவிடும். அவர் தம் நீளமான கையையே நீட்டினார். அது ஒன்றுதான் காரணம் என்று தமக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் கருங்காலிக் கட்டை வந்ததும், குழாயில் அதைப் பொருத்தித் தோளில் வைத்துப் பார்த்தார். கன்னம் மரத்தில் தானாகவே சாய்ந்தது. மறுபடியும் வைத்துப் பார்த்தார். எதிரிக்காகச் செய்த பொருள் இவ்வளவு இதமாக இருக்கக்கூடாது என்று நினைத்தார். மூன்றாவது முறையும் வைத்துப் பார்த்தார்.

விஜயதசமியன்று சபை நடுவே தாண்டவன் முடிச்சை அவிழ்த்தான். கட்டையைக் கண்டதும் ஒரு கணம் அவன் முகம் வெளிறியது. செவ்வந்திநாதர் அந்த ஒரு கணத்தைக் கண்ணால் குடித்தார்.

ஆயுதசாலைக்கு வரும்போதே இது இப்படித்தான் இருந்தது என்றும், மகாராஜாவின் முன்னிலையில் வெளிப்படட்டும் என்று தாம் காத்திருந்ததாகவும் அவர் சொன்னார். ராஜாவின் முகம் வாடிப்போனது. சட்டம் தம்முடையது, மாற்றவும் வழியில்லை.

தாண்டவன் கைகூப்பினான். "மகாராஜா, எப்படி வந்தது என்று நான் வாதாடப் போவதில்லை. போவதற்குமுன் அந்தச் சட்டத்தை முழுதாக ஒருமுறை கேட்டுவிட்டுப் போகிறேன். எழுதியவர் வாயாலேயே கேட்டால் திருப்தியாக இருக்கும்."

தாம் எழுதியதைச் சபையில் படிக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. செவ்வந்திநாதர் தொண்டையைச் செருமிக்கொண்டு ரசித்துப் படித்தார். நான்காவது விதியில்தான் அவருடைய நாக்கு தடுக்கியது. இது என் மைத்துனன் துப்பாக்கி, இது பக்கத்து வீட்டான் துப்பாக்கி என்று எவனும் தப்பித்துவிடக்கூடாது என்பதற்காக அவரே யோசித்துச் சேர்த்த விதி அது.

"கட்டையைத் தோளில் ஊன்றும்போது எவனுடைய விரல் விசையில் சரியாகப் பதிகிறதோ, அந்தப் படைக்கலத்துக்கு அவனே உடையவன்."

தாண்டவன் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தான். எவ்வளவு எட்டியும் விரல் விசைக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது. "என் கை சட்டத்துக்கு எட்டவில்லையே, மகாராஜா. எட்டுகிற கை யாருடையது என்று பார்த்துவிடலாமா?"

ராஜாவே முதலில் வைத்துப் பார்த்தார், எட்டவில்லை. தளபதிக்கு எட்டவில்லை, புரோகிதருக்கும் எட்டவில்லை. கடைசியில் அது செவ்வந்திநாதரிடம் வந்தது. முழங்கையை மடக்கிக்கொள்ளவேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். ஆனால் உடம்புக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கட்டை தோளில் அமர்ந்தது, கன்னம் சாய்ந்தது, விரல் போய் விசையில் படுத்துக்கொண்டது.



"சூரியன் மறைய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று ராஜா மெதுவாகக் கேட்டார்.

செவ்வந்திநாதருக்கு மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. அவளிடம் எதைச் சொல்லி மூட்டை கட்டச் சொல்வது?

அப்போது தாண்டவன் அருகில் வந்து அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினான். இரண்டு ஆணிகளைத் தட்டிக் கழற்றிக் குழாயைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டையை அவரிடமே நீட்டினான்.

"மகாராஜா, இப்போது என்னிடம் இருப்பது வெடிக்குழாய். அதற்குத் தண்டனை இல்லை. ஐயாவிடம் இருப்பது வெறும் விறகு. விறகைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. படைக்கலம் எங்கே போயிற்று என்று தெரிந்தால்தானே, யாரை நாடு கடத்துவது என்று யோசிக்க முடியும்?"

ராஜா வெடித்துச் சிரித்தார். தம் சால்வையை எடுத்துத் தாண்டவனுக்குப் போர்த்தினார், முத்துமாலையையும் கழற்றிப் போட்டார். பிறகு, சட்டம் எழுதி அதில் தம் தோளையே கொண்டுபோய் மாட்டிக்கொண்டு கையில் விறகோடு நிற்கும் ஆயுதசாலைத் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு இன்னும் பெரிதாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செவ்வந்திநாதரே, என் ஆயுளில் இப்படிச் சிரித்ததில்லை. தாண்டவனாலும் முடியாததைச் செய்துவிட்டீர்" என்றார்.

பதினான்கு வருஷம் காத்திருந்த சிரிப்பு. செவ்வந்திநாதர் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.