தும்பனை இரண்டாம் முறை அழைத்தவள்

“பெயர்ங்கிறது சொல்லா, இல்லையா? அதை மட்டும் சொல்லிருங்கம்மா. நான் பாட்டுக்குப் போயிட்டே இருக்கேன்.”

ஆவுடைநாயகம் வாசலில் நின்றபடியே கேட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஜெசிந்தா மோத்தா தன் வீட்டுக் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷைக் கையில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

அறுபது தாண்டிய மனிதர். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் அவள் எழுதிய புத்தகம், பழுப்புத்தாள் அட்டை போட்டு, பள்ளிப் பிள்ளையின் பாடப்புத்தகம் போல.

“உக்காருங்க ஐயா.”

“உக்கார வரலை.”

“தண்ணி குடிக்கிறீங்களா?”

“நியாயம் கேட்டு வந்திருக்கேன்.”

ஜெசிந்தா ஒரு ஸ்டூலை அவர் பக்கம் காலால் தள்ளிவிட்டு, மறுபடி கதவுக்குத் திரும்பிக்கொண்டாள்.

கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். மணப்பாட்டுக் காற்று ஸ்டூல் மேல் மணலைக் கொண்டுவந்து போட்டது. ஆவுடைநாயகம் அதைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

•

அவள் எழுதியது மந்திரக் கதை. பெயர், ‘சொல்லுதிர் காடு’. ஐந்து பாகம்.

அந்தக் காட்டில் யார் வேண்டுமானாலும் மந்திரம் செய்யலாம். ஒரு சொல்லை உச்சரித்தால் போதும், அது நடக்கும். ஆனால் செலவழித்த சொல் நாக்கிலிருந்து உதிர்ந்துவிடும். சாகும்வரை திரும்ப வராது.

மழை வேண்டி ‘மழை’ என்ற குயவன், அதன்பிறகு வானத்தைக் கைகாட்டியே காலத்தை ஓட்டினான். படைக்கு நடுவே ‘மகன்’ என்று சொல்லிப் பிள்ளையைக் காப்பாற்றிய அரசன், பெற்ற பிள்ளையை ‘அந்தப் பையன்’ என்று கூப்பிட்டுக்கொண்டே செத்தான்.

ஆவுடைநாயகம் பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மந்திரக் கதையெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று எண்ணியிருந்தவர். முதல் பாகத்தை ரயிலில் பிரித்தார். இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போனார்.

அன்றிலிருந்து அவருக்கு ஜெசிந்தாதான் ஆசான். வாசகர் வட்டத்து இளவட்டங்கள் விளையாட்டுக்கு வைத்த பட்டம் அது. அவர் ஒருவர்தான் மனதாரச் சொன்னார். அவர் மகள் வயதுதானே என்று யாரோ சிரித்தபோது, “வயசுல என்ன வே இருக்கு? எனக்குத் தெரியாததை அவ சொல்லித் தாரா,” என்றார்.

அந்த ஆசான்தான் இப்போது அவரை ஏமாற்றிவிட்டாள்.

•

“ஐந்தாம் பாகம், கடைசிக்கு முந்தின பக்கம்,” என்றார்.

ஜெசிந்தா பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தாள்.

“ஆவிரை ஆத்தங்கரையில நிக்கா. தம்பி செத்து ஆத்தோட போயிட்டான். ‘தும்பன்’ங்கா. தண்ணி பிளக்கு. தம்பி எந்திரிச்சு வாரான். சரி. மந்திரம். ஒத்துக்கிடுதேன்.”

“ம்.”

“அந்தப் பெயரு அவ நாக்குல இருந்து உதிர்ந்திருக்கணுமா, இல்லையா?”

“ம்.”

“அடுத்த பக்கத்துல திரும்பவும் கூப்பிடுதா! அவன் திரும்பிப் பாக்கான். கதை முடியுது. எப்படிம்மா கூப்பிட்டா? எந்த வாயால கூப்பிட்டா?”

அவர் குரல் உயர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

“அந்த ராஜா செத்தானே, ‘மகன்’னு ஒரு தரம் சொல்ல முடியாம! நான் அழுதேன். எங்க அப்பா செத்தன்னைக்குக்கூட நான் அப்படி அழலை. அழுதாலும் மனசு ஒத்துக்கிட்டுது. ஏன்? சட்டம்னா சட்டம். அவனுக்கு ஒரு சட்டம், ஆவிரைக்கு ஒரு சட்டமா? கதாநாயகின்னா சலுகையா?”

ஜெசிந்தா கீல் ஓரத்தில் வழிந்த பெயிண்டைத் துணியால் துடைத்தாள்.

“வேற யாரும் இதைக் கேக்கலையா?”

“கேக்கலையாவா? வட்டமே ரெண்டாப் பிளந்து கிடக்கு. பெயர் சொல் இல்லைன்னு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. பெயர்ச்சொல்னே நம்ம இலக்கணம் சொல்லுது. பெயர் சொல் இல்லையாம்! அதுவும் யாரு சொல்லுதது? ஒரு கணக்கு வாத்தியாரு.”

“அவர் என்ன சொல்றார்?”

“சொல்லுக்குப் பொருள் உண்டு, பெயருக்கு ஆள்தான் உண்டுங்கான். ‘மழை’ன்னா எல்லா மழையும். ‘தும்பன்’னா ஒருத்தன்தான். அதனால பெயர் மந்திரக் கணக்குல வராதுங்கான். கணக்காம், கணக்கு!”

“நல்லாத்தானே இருக்கு.”

“என்னம்மா நல்லா இருக்கு? அப்ப முதல் தரம் எப்படித் தண்ணி பிளந்துச்சு? அதுக்குப் பதில் இல்லை அவன்கிட்ட.”

அவன் என்று அவர் சொன்னது முகம்மது இத்ரீஸை. ஒரே பள்ளியில் முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். ஓய்வுக்குப் பிறகு ஐந்து பாகங்களையும் சேர்ந்தே படித்தார்கள். ஒருவர் முந்திப் படித்துவிட்டால் மற்றவர் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம்.

வட்டத்துக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் ஆவுடைநாயகம் சொன்னார்: “கூட்டல் கழித்தலோட நிறுத்திக்கிடும் வே. இலக்கணம் உமக்கு எட்டாது.”

சிலர் சிரித்தார்கள். இத்ரீஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு எழுந்து போனார். அப்புறம் வரவில்லை.

“இப்ப அவர் எங்க?” என்றாள் ஜெசிந்தா.

“வீட்லதான். நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் பண்ணி, இப்பத்தான் கொண்டுவந்து விட்டிருக்காங்களாம்.”

பிரஷ் நின்றது.

“பாத்தீங்களா?”

“எப்படிம்மா போறது? ஒரு தீர்ப்பு வராம எந்த மூஞ்சியோட போவேன்? அதுக்குத்தானே இங்க வந்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போன்ல பதிவு பண்ணிக்கிடுதேன். வட்டத்துல போடுவேன். அவனும் கேப்பான். அதோட முடிஞ்சுது.”

போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

ஜெசிந்தா பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்துக்கொண்டாள்.

“தப்புதான் ஐயா,” என்றாள்.

“என்னது?”

“நான் பண்ணின தப்பு. விதியை மறந்துட்டேன். கடைசிப் பக்கம் எழுதும்போது அசதியா இருந்திருப்பேன். நீங்க சொல்றதுதான் சரி. புத்தகத்தைக் கொடுங்க.”

அவர் கொடுத்தார். கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த மாதிரி இல்லை.

ஜெசிந்தா கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ஆவிரை இரண்டாம் முறை அழைக்கும் அந்த ஒற்றை வரி மேல் பிரஷ்ஷை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

நீலம்.

“அடுத்த பதிப்புல இது இருக்காது,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

•

ஆவுடைநாயகம் எழுந்துவிட்டார். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க!”

“தப்பைத் திருத்தினேன்.”

“யாரைக் கேட்டுத் திருத்துனீங்க?”

“எழுதினது நான்தானே?”

“எழுதினா? எழுதிட்டா உங்க இஷ்டமா? நாங்க வாசிச்சிருக்கோம்லா! இந்த வரி போச்சுன்னா அந்தப் பையன் எப்படித் திரும்பிப் பாப்பான்? ஆத்துல இருந்து எந்திரிச்சு வாரான், சரி. அக்காகிட்ட வரலையே! அவ நிக்கது தெரியாம, பிணம் நடக்க மாதிரி மேக்குப் பக்கமா நடந்து போறான். மந்திரத்தால உடம்புதான் வந்துச்சு. ரெண்டாவது தரம் கூப்பிட்டப்பதான் ஆளு வந்தான்!”

“ஆனா சட்டம் இடிக்குதே ஐயா. செலவழிஞ்ச சொல்லாச்சே.”

“இடிக்கலை! எங்க இடிக்கு? எந்த மடையன் சொன்னான் இடிக்குன்னு?”

ஜெசிந்தா விழுந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்தாள்.

ஆவுடைநாயகம் தோள்துண்டை எடுத்துப் பக்கத்தை ஒற்றினார். பெயிண்ட் இன்னும் பரவியதுதான் மிச்சம். தும்பனின் பெயர் நீலத்துக்கு அடியில் போய்விட்டது. ஓரத்தில் பெயரின் கடைசித் துணைக்கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் அந்தத் துணைக்காலையே பார்த்தார்.

முந்தின பக்கத்தைப் புரட்டினார். மறுபடி இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம்.

“தும்பன்,” என்றார். பிறகு, “தும்பா.”



“முதல்ல ‘தும்பன்’. அது மந்திரம். சொல்லாச் சொன்னா, உதிர்ந்துபோச்சு. ரெண்டாவது ‘தும்பா’! விளி. எட்டாம் வேற்றுமை! கூப்பிடும்போது பெயர் கடைசியில மாறிருதே! அந்தச் சொல் போயிட்டுது. கூப்பிடுததுக்கு உள்ளது போகலை. ஊருல யாருகிட்டப் போயும் இனி தம்பி பேரு இன்னதுன்னு அவளால சொல்ல முடியாது. ஆனா அவனைக் கூப்பிட முடியும்! அவனைப் பத்திப் பேச முடியாது, அவன்கூடத்தான் பேச முடியும்! ஏட்டி, இதைப் போயி தப்புங்கியே நீ!”

ஆசானை ஏட்டி என்று சொல்லிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. கண்ணில் நீர் நின்றது. கோபத்தில் மூச்சு வாங்கியது.

“இதை வெட்டுவாளாம்! அடுத்த பதிப்புல இருக்காதாம்! முப்பது வருஷம் விளி வேற்றுமை நடத்தியிருக்கேன். எனக்கே இப்பத்தான்…”

ஜெசிந்தா பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்தாள்.

“இதை என்கிட்ட ஏன் ஐயா சொல்றீங்க?” என்றாள்.



காற்று புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டப் பார்த்தது. ஈர நீலம் மற்ற பக்கத்தில் ஒட்டிவிடாமல் அவர் விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

“இது நீங்க நினைச்சு எழுதுனதா, அசதியில எழுதுனதா?” என்று கேட்டார்.

“கதவு இன்னும் காயலை. சட்டையில படாம போங்க.”

•

திருச்செந்தூர் வந்து, பஸ் மாறி, பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வார்த்தைகளை அடுக்கினார். இத்ரீஸிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும், பிறகு அதை. கூட்டத்தில் பேசியதற்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்கு வராததற்கு ஒரு வார்த்தை. நல்ல வார்த்தைகளாகவே கிடைத்தன. தமிழாசிரியர் அல்லவா?

தன் வீட்டு நிறுத்தத்தில் இறங்கவில்லை. அடுத்த பஸ் பிடித்து மேலப்பாளையம் போனார்.

இத்ரீஸின் மனைவி ஹமீதா கதவைத் திறந்தார்.

“வாங்கண்ணே,” என்றார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவர் கேட்காததுதான் ஆவுடைநாயகத்துக்குத் தாங்கவில்லை.

உள்ளே சாய்வு நாற்காலியில் இத்ரீஸ் இருந்தார். பாதி ஆள்தான் இருந்தார். சட்டை தோளில் தொங்கியது. திறந்த பட்டனுக்கு அடியில் தையல் சிவப்பாகத் தெரிந்தது.

ஆவுடைநாயகம் வாசலிலேயே நின்றார். அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

“விளி வேற்றுமை வே,” என்றார்.

இத்ரீஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“அவ கூப்பிட்டது தும்பா. தும்பன் இல்லை. நீரு சொன்னதுதான் சரி. தப்பே இல்லை. நான்தான்…” புத்தகத்தை நீட்டினார். “நான்தான் வே மடையன்.”

இத்ரீஸ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

“யாரு சொன்னா தப்பில்லைன்னு?” என்றார்.

“நீருதானே வே சொன்னீரு!”

“சொன்னேன். ஆஸ்பத்திரில மல்லாக்கப் படுத்துக்கிட்டு அஞ்சு பாகத்தையும் திரும்ப வாசிச்சேன். வேற என்ன வேலை? நல்லா யோசிச்சுப் பாத்தாச்சு. சுத்தத் தப்பு. உம்ம ஆசான் சறுக்கிட்டா.”

“யாரைப் பாத்து வே சறுக்கிட்டாங்கீரு?” ஆவுடைநாயகத்தின் குரல் தெருவுக்குக் கேட்டது. “விளின்னு சொல்லுதேன், காதுல விழலையா?”

“விளியும் பெயர்தானே? எட்டு வேற்றுமை ஏத்தாலும் பெயர் பெயர்தான்.”

“உருபே இல்லாத வேற்றுமை வே அது! உமக்கு என்ன தெரியும்?”

“ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க,” என்றார் ஹமீதா. “தையல் பிரிஞ்சிரப் போகுது.”

இத்ரீஸ் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மறு கையை நீட்டி எதிர் நாற்காலியில் கிடந்த மாத்திரைகளையும் பேப்பரையும் தரையில் தள்ளினார்.

“பெயர் சொல்தாம் வே,” என்றார். “செருப்பைக் கழத்திட்டு உள்ள வந்து கத்தும்.”