சிந்தா மதாரோட பச்சைக் காலர்

பாளையங்கோட்டையில ஒரு மாடிக்கடை. நடத்துறது ஜெசிந்தா. அந்தக் காலத்துச் சண்டைகளை மேசையில வச்சு ஆடுற கிறுக்கு பிடிச்ச ஆளுங்களுக்கான கடை அது. கட்டைவிரல் உசரத்துல ஈயச் சிப்பாய், பீரங்கி, பெயிண்ட், பிரஷ், பகடை, எந்தப் பட்டாளம் எந்தச் சட்டை போட்டுச்சுன்னு படம் போட்ட புஸ்தகம் எல்லாம் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா கடைக்குள்ள பாளையக்காரங்களும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்களும் முட்டிக்குவாங்க.

ஆட்டத்தை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது ஜெசிந்தாதான். அதனால தலை நரைச்சவங்க கூட அவங்களை ‘குரு’ன்னுதான் கூப்பிடுவாங்க. கிண்டலா ஆரம்பிச்சது. அப்படியே ஒட்டிக்கிச்சு.

ஒரு திங்கக்கிழமை, கடை திறந்த கையோட ஆவுடைநாயகம் மூச்சு வாங்க மாடியேறி வந்தாரு.

பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஆளுதான் ரிட்டயர் ஆனாரு, குரல் ஆகல. ‘சாப்பிட்டாச்சா’ன்னு கேட்டாக்கூட ‘டிக்கெட்டை எடு’ங்கிற தோரணைதான்.

“குருவே, அந்தப் பெரிய யூனிஃபார்ம் புஸ்தகத்தை எடுங்க.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“மதார் கடையில கொண்டுபோய் விரிச்சு வைக்கணும். காலர் மஞ்சளா பச்சையான்னு அவனே பார்க்கட்டும்.”

சிந்தா மதாருக்கு மேலப்பாளையத்துல தையல்கடை. ஆவுடைநாயகத்துக்கு எதிர்ல நின்னு ஆடுறதுக்கு மிச்சம் இருந்த ஒரே ஆளு. மத்தவங்கல்லாம், சிப்பாய் ஒரு நூல் கூட நகர்ந்தாலும் ஆவுடைநாயகம் நீட்டுற அளவு டேப்புக்குப் பயந்து வேற மேசைக்குப் போயாச்சு. ஆவுடைநாயகம் பாளையக்காரரா மட்டும்தான் ஆடுவாரு. அதனால வாராவாரம் மதார்தான் கம்பெனியா நின்னு, தோத்து, டீயும் வாங்கிக் கொடுத்துட்டுப் போவாரு.

நேத்து அந்த மதார் ஒரு பெட்டியோட வந்தாரு. கடையைச் சாத்தினதுக்கு அப்புறம் தினம் கொஞ்சம் கொஞ்சமா உட்கார்ந்து, மாசக்கணக்கா, தன் கையாலயே பெயிண்ட் அடிச்ச முதல் பட்டாளம். ஒவ்வொருத்தனா எடுத்து வரிசையா நிறுத்திட்டு, கையைக் கட்டிக்கிட்டு நண்பனோட மூஞ்சியைப் பார்த்தாரு.

ஆவுடைநாயகம் நின்னவாக்குல புஸ்தகத்தைப் புரட்டினாரு.

“காலர் பச்சையா இருக்கு. தப்பு. இந்தப் பட்டாளத்துக்கு மஞ்சள்.”

“ஓய், காலரைப் பத்தி எனக்கா பாடம் எடுக்கீரு?”

“தையக்காரன்னா உமக்குத் தனிச் சட்டமா வே?”

மதார் சிரிக்கல. ஒவ்வொருத்தனா திரும்பப் பெட்டிக்குள்ள படுக்க வச்சாரு. “இனிமே நீரும் உம்ம புஸ்தகமும் ஆடிக்கிடும்”னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாரு.

“ராத்திரி போன் அடிச்சேன். எடுக்க மாட்டேங்கான்”னாரு ஆவுடைநாயகம். “காலையிலயும் எடுக்கல.”

“புஸ்தகத்தைக் காட்டினா எடுத்துருவாரா?”

ஆவுடைநாயகம் புஸ்தக அலமாரியைப் பார்த்தாரு.

“மஞ்சள்தானே குரு?”

“மஞ்சள்தான் அண்ணாச்சி. நீங்க சொன்னது சரி.”

“பின்ன? சரியாச் சொன்னது ஒரு தப்பாம்மா?”

ஜெசிந்தா புஸ்தகத்தை எடுக்கப் போகல. அலமாரியில இருந்து ஒரு சிப்பாயை எடுத்தாங்க. சட்டை, தலைப்பாகை, துப்பாக்கி எல்லாம் பெயிண்ட் ஆகியிருந்துச்சு. மூஞ்சி மட்டும் வெறுமனே இருந்துச்சு. கூடவே கொசு மீசை மாதிரி ஒரு பிரஷ்.

“புஸ்தகம் தாரேன். அதுக்கு முன்னால இவனுக்குக் கண்ணு வச்சுக் கொடுங்க.”

“நானா? என் பட்டாளத்துக்கெல்லாம் நீங்கதானம்மா அடிச்சுத் தாறீங்க?”

“ஆமா. அதான்.”

உட்கார்ந்தாரு. லென்ஸை இழுத்து வச்சாரு. முதல் புள்ளி மூக்குல விழுந்துச்சு. துடைச்சாரு. அடுத்தது புருவத்துக்கு மேல போச்சு. சிப்பாய் எதையோ பார்த்து அதிர்ந்து போன மாதிரி ஆயிட்டான். அதையும் துடைச்சாரு. ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிக்காம நின்னு டிக்கெட் பார்த்த மனுஷன். உட்கார்ந்த இடத்துல கை நடுங்குது.

“மூச்சை விடுங்க அண்ணாச்சி. செத்துகித்து வச்சுராதீங்க.”

“பேசாதீங்கம்மா, ஆடுது.”

வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்து போச்சு. தலையைத் தூக்காமலே கேட்டாரு.

“மதார் எத்தனை பேருக்கு இப்படிக் கண்ணு வச்சான்?”

“எல்லாருக்கும்.”

அவர் பிரஷை மறுபடி பெயிண்டுல தொட்டாரு.

மத்தியானம் சிப்பாயை நீட்டினாரு. ஜெசிந்தா அவனை மேசை ஓரத்துல நிறுத்தினாங்க. குனிஞ்சு, தாடையை மேசையில வச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தாங்க. புதுசா மேசைக்கு வர்ற சிப்பாயை அந்தக் கூட்டத்துல எல்லாரும் அப்படித்தான் பார்ப்பாங்க. அவன் உசரத்துக்கு இறங்கி.

பார்த்தாங்க. பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

ஆவுடைநாயகம் டிக்கெட் இல்லாம மாட்டினவர் மாதிரி நின்னாரு.

“என்னம்மா? ஏதாவது சொல்லுங்க.”

“ம்.”

“இடது கண்ணு காதுப் பக்கம் போயிருச்சு. தெரியும். நானே ஒத்துக்கிடுதேன்.”

“அண்ணாச்சி, நீங்க கண்ணு வச்ச முதல் ஆளா இவன்?”

“ஆமா.”

“நல்லா இருக்கான்.”

ஆவுடைநாயகம் கண்ணாடியைக் கழட்டி, வேட்டி நுனியில துடைச்சு, திரும்ப மாட்டினாரு. துடைச்சும் பிரயோஜனம் இல்ல.

“நேத்து நான் குனியவே இல்ல, குரு.”

ஜெசிந்தா பெரிய புஸ்தகத்தை இறக்கி, தூசி தட்டி, அவர் முன்னால வச்சாங்க. சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

அவர் அதைத் தொடல. சிப்பாயைக் கைக்குட்டையில சுத்தி, மேல்பாக்கெட்டுல வச்சுக்கிட்டாரு.

“மேலப்பாளையத்துக்கு இப்போ பஸ் இருக்கும்.”

படி இறங்கிப் போனவரு பாதியில நின்னு, திரும்ப ஏறி வந்தாரு. கைக்குட்டையைப் பிரிச்சு நீட்டினாரு.

“கண்ணு ரொம்பக் கோணலா இருக்கே குரு. மதார் பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பான். கொஞ்சம் திருத்தித் தாங்களேன்.”

ஜெசிந்தா வாங்கல.

“எதிர்ல நிக்கிறது யாருன்னு தெரிஞ்சா போதும் அண்ணாச்சி. கண்ணுக்கு வேற என்ன வேலை?”