பத்தாயிரம் மரத்து நிழல்

முன்னொரு காலத்தில், வெயில் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போன நாட்களில், சூட்டைத் தணிப்போம் என்று ஏழு நாட்டு மன்னர்கள் கூடிச் சத்தியம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் மரம் வளர்க்க அயல்நாட்டு வணிகர்களிடம் பசுமைப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினார். அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது என்பது பத்திரத்தின் நிபந்தனை.

அந்த மன்னரின் அமைச்சர் வல்லபராயர் ஆண்டுதோறும் மேளதாளத்தோடு மரக்கன்று நட்டார். போன ஆண்டுக் கன்று காய்ந்த அதே குழியில்தான் நட்டார். கணக்கு ஓலையில் மட்டும் பத்தாயிரம் மரம் வளர்ந்தது.

இதைத் தடுக்க அரசவை விகடகவி மூக்காயி முந்நூறு ஓலையில் விதி எழுதினாள். ஆடு மேய்த்த வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவள் அவள். மரம் என்றால் என்ன என்பதற்கே பதினோரு ஓலை செலவழித்திருந்தாள். யாரும் படிக்கவில்லை. வல்லபராயர் அந்த ஓலைக்கட்டை விசிறிக்கொள்ள எடுத்துப்போனார்.

மற்ற நாடுகளுக்கும் பணம் கொடுத்திருந்த வணிகர்களுக்கு, ஏழு நாடும் ஏழு விதமாக மரம் எண்ணியதில் தலை சுற்றியது. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விதி, அதுவும் ஒரே வரியில் வேண்டும், மரத்தையும் நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். முந்நூறு ஓலை எழுதியவளுக்கு ஒரு வரி வராதா என்றார் வல்லபராயர்; வராவிட்டால் ஆட்டுக்கே திரும்பட்டும் என்றார். மன்னருக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு நாள் கெடு வைத்தார்.

மறுநாள் மூக்காயி ஒரு வரியை நீட்டினாள்: பார்க்க வருபவர்களுக்கு நட்ட மரத்தின் நிழலிலேயே உச்சிப்பொழுதில் விருந்து; பந்தலும் குடையும் கூடாது. விருந்து என்றதும் மன்னர் முத்திரை வைத்துவிட்டார்.

வணிகர்கள் வந்த அன்று தோப்பில் முழங்கால் உயரத்தில் நாலு கன்று நின்றன. மன்னருக்கும் வணிகர்களுக்கும் வெயிலிலேயே இலை போட்டுப் பரிமாறினார்கள். பாயசம் ஆறவே இல்லை. வல்லபராயரின் வழுக்கை சிவந்தது.

"நிழல் எங்கே, மூக்காயி?"

"அமைச்சர் ஓலையில பத்தாயிரம் இருக்கே, மகாராஜா. ஒண்ணை எடுத்துப் பிடிக்கச் சொல்லுங்க."

வல்லபராயர் பதறி, விசிறிக்கென்று கொண்டுவந்த ஓலைக்கட்டைப் பிரித்து மன்னர் தலைக்கு மேல் பிடித்தார். பத்தாயிரம் மரத்துத் தோப்பில் இருந்த நிழல் அவ்வளவுதான்.

மூக்காயி தன் விதிகளை அண்ணாந்து பார்த்தாள். "எங்க வீட்டுல மொதல்ல படிச்சவ நான். எழுதினா படிப்பாங்கன்னு நம்பிட்டேன். எதுக்கு எழுதினேன்னு இப்பத்தான் தெரியுது."

மன்னர் வியர்வை வழியச் சிரித்தார். வணிகர்கள் அந்த ஒரு வரியை ஏழு நாட்டுக்கும் விதியாக்கினார்கள். கன்றுக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை வல்லபராயருக்கு வந்தது. மூக்காயிக்குப் பொற்கிழியும் நிழல் அளக்கும் அதிகாரி பதவியும் கிடைத்தன. அதிகாரியின் ஆசனத்தைத் தோப்பின் நடுவிலேயே போட்டார்கள்.

முதல் நாள் உச்சி வெயிலில் அதில் உட்கார்ந்தபோதுதான், குடை கூடாது என்று எழுதியது யார் என்பது அவளுக்கு நினைவு வந்தது.