மேட்டுல நிறுத்துற தலைவர்

கோயமுத்தூர்ல பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறவங்க சங்கம் ஒண்ணு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில டீக்கடை முன்னால கூடி, எந்த வண்டிக்கு எதை மாத்தலாம்னு பேசுவாங்க. "கார்பரேட்டரை மாத்து, சைலன்சரை மாத்து"ன்னு எல்லாருக்கும் உத்தரவு போடுவார் தலைவர் வரதராசு. தன் வண்டியை மட்டும் எப்பவும் மேட்டுலதான் நிறுத்துவார். அது தலைவர் இடமாம்.

தையல்கடை பொன்மணியோட வண்டி, சாவியைத் திருகினா இருமும், கிளம்பாது. தலைவர் அவளைப் பாத்துச் சொன்னார்: "அடுத்த வாரம் ஊட்டிக்குப் போறோம். யாரும் தள்ளாமக் கிளம்புற வண்டிதான் வரலாம், தெரியுதாம்மா?"

அடுத்த வாரம் பொன்மணி முந்தி வந்து மேட்டைப் பிடிச்சுக்கிட்டா. தலைவர் முணுமுணுத்துக்கிட்டே கீழே சமதளத்துல நிறுத்தினார்.

கிளம்புற நேரம். பொன்மணி பிரேக்கை விட்டா. வண்டி தானா உருண்டுது. கியரைப் போட்டுக் கிளச்சை விட்டதும் உறுமிக் கிளம்பிருச்சு.

"இது ஏமாத்து!"ன்னு கத்தினார் தலைவர்.

"வாராவாரம் உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டதுங்ணா. எங்க, நீங்க சாவியைத் திருகிக் காட்டுங்க."

திருகினார். 'டக்'குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். கூட்டமே சிரிச்சுது.

பொன்மணி பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டா.

"சீட்டு காலியாத்தான் இருக்கு. ஏறிக்குங்ணா, ஊட்டிக்குப் போலாம்."