மூக்கையன் விடாத மூச்சு

கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தால் நான் கத்திச் சொல்ல வேண்டும், கத்தினால் மூச்சு வாங்கும். இந்தக் கதையே மூச்சைப் பற்றியதுதான்.

இன்றைக்கு விழுது விட்டு நிற்கிற ஆலமரமெல்லாம் கன்றாக இருந்த காலம். ஒரு ராஜாவின் சீமையில் ஒரு பெரிய கண்மாய். மேற்கே மேல்கரை என்று ஓர் ஊர், கிழக்கே கீழ்கரை என்று ஓர் ஊர். கண்மாய்க்கு இரண்டு மடை, ஊருக்கு ஒன்று. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிடந்த தண்ணீர் ஓர் ஊருக்குத்தான் காணும். இரண்டு ஊரிலும் நாற்று வெளுத்துப்போய் நின்றது.

ராஜா வந்து பார்த்தார். "வெட்டுக்குத்து வேண்டாம். சடுகுடு ஆடுங்கள். ஜெயித்த ஊர் மடையைத் திறக்கட்டும், தோற்ற ஊர் வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

சடுகுடு தெரியும்தானே? பாடிப் போகிறவன் ஒரே மூச்சில் எதிராளியைத் தொட்டுவிட்டுத் தன் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பிவிட்டால் தொடுபட்டவன் ஆட்டத்தில் செத்தான். நடுவில் பாட்டு அறுந்தால் பாடினவன் செத்தான், வெளியே போய் உட்கார வேண்டியதுதான். அவன் செத்தால் எதிர்ப்பக்கம் செத்தவன் ஒருவன் உயிர் பெற்று உள்ளே வருவான்.

மேல்கரையில் ஏழு பேரும் ஏழு காளை. கீழ்கரையில் ஆறு பேர் சுமாரான ஆள், ஏழாவது மூக்கையன். அவன் மடைக்காரன். கண்மாய்க்குள் முங்கி, அடியில் கிடக்கிற மடைப்பலகையைத் தூக்கிவிடுவது அவன் வேலை. உடம்பு முருங்கைக் குச்சி. அந்தக் குச்சிக்குள் இருந்ததெல்லாம் மூச்சுதான்.

உச்சி வெயில் சாய்வதற்குள் கீழ்கரையில் ஆறு பேரும் செத்து வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். மேல்கரையில் ஏழும் அப்படியே நிற்கிறது. இன்னும் ஒரே ஒரு தொடுகை, ஆட்டம் முடிந்தது.

மேல்கரைப் பெண்கள் பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றினார்கள். கொட்டுக்காரர்கள் பறையைக் காய்ச்சினார்கள். ஒருவன் வாய்க்கால் வரப்பை வெட்டிவிட மண்வெட்டியோடு கிளம்பியே போய்விட்டான்.

"ஏ மூக்கையா, கை கால் ஒடியாம வந்து சேருப்பா. அது போதும்" என்றான் வெளியே இருந்த ஒருவன்.

மூக்கையன் பொங்கல் பானையைப் பார்த்தான். தன் நாற்றங்காலை நினைத்தான். பிறகு ஒரு மூலையில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

முதலில் மேல்கரையிலிருந்து சடையன் வந்தான். ஓடி வரவில்லை, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடந்து வந்தான். "சடுகுடு சடுகுடு" என்று பாட்டும் சோம்பலாக வந்தது.

"அண்ணே, ஜெயிச்சது நீங்கதான்" என்றான் மூக்கையன். "மாலையை யாருக்குப் போடுறதுன்னு ராஜா யோசிக்கிறாரு. வேலாண்டிக்குன்னு காதுல விழுந்துச்சு."

"அவனுக்கா? நேத்துவரைக்கும் எனக்குப் பின்னால ஒளிஞ்சு ஆடின பய" என்றான் சடையன்.

பாட்டு அறுந்தது. சடையன் வெளியே போனான். கீழ்கரையில் ஒருவன் உயிரோடு வந்தான்.

கீழ்கரை பாட வேண்டிய முறை. "சும்மா கோட்டைத் தாண்டிட்டுத் திரும்பி வா. நமக்கென்ன அவசரம், அவங்கதான் பொங்கல் வச்சிருக்காங்க" என்று தன் ஆளை அனுப்பினான் மூக்கையன்.

அடுத்து வேலாண்டி வந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு. மாலைப் பேச்சுக்கெல்லாம் மசியவில்லை. மூக்கையன் மூக்கை உறிஞ்சினான்.

"பொங்கல் அடிப்பிடிக்குது போலிருக்கே. கிண்டுறது யாரு, உங்க வீட்டம்மாதானே?"

வேலாண்டி திரும்பிப் பார்த்தான். "ஏ புள்ள, விறகை இழு" என்றான். அவனும் போனான்.

மூன்றாவதாகக் கொம்பையன் வந்தான். அவன் விவரமானவன், இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தான். மூக்கையன் ஒரு சொல் பேசவில்லை. ராஜாவைக் காட்டினான், கொம்பையனைக் காட்டினான், வாயை மட்டும் அசைத்தான், அசைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

கொம்பையன் எவ்வளவு நேரம் பொறுப்பான்? பஞ்சைப் பிடுங்கிவிட்டுக் கேட்டான்: "என்னடா சொன்ன?"

"ஒண்ணுமே சொல்லலண்ணே."

அவனும் போனான். இப்போது இங்கே நாலு, அங்கே நாலு. அந்த நாலு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? போன மூன்று பேரில் யார் பெரிய முட்டாள் என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்து எறிந்தான். ஒருவனும் கோட்டைப் பார்க்கவில்லை.

இந்த முறை மூக்கையனே பாடிப் போனான். கொசு பாடுகிற மாதிரி மெல்லப் பாடினான். ஒரு முதுகைத் தொட்டான், இரண்டு முதுகைத் தொட்டான், நாலையும் தொட்டான். அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. நாலு பேரும் பாய்ந்தார்கள்.

"மூக்கையா, உன் வேட்டி அவுந்துபோச்சுடா" என்று வெளியே இருந்து சடையன் கத்தினான்.

பொய்யில்லை, அவிழ்ந்துதான் போயிருந்தது. மூக்கையன் குனியவில்லை, பார்க்கவில்லை. வேட்டியை அவர்களிடமே விட்டுவிட்டுக் கோவணத்தோடு கோட்டைத் தாண்டினான்.

ராஜா மாலையோடு எழுந்து வந்தார். "முடிந்தது மூக்கையா, மூச்சை விடு."

"சடுகுடு சடுகுடு" என்றான் மூக்கையன், அவரைத் தாண்டிப் போனான்.

"பைத்தியமா உனக்கு? ஜெயித்துவிட்டாய்."

"சடுகுடு சடுகுடு."

பிள்ளைகளே, கடைசிக் காரியம் கை சேரும் முன்னே ஜெயித்துவிட்டோம் என்று மூச்சு விட்டவன் ஜெயித்ததில்லை.

மூக்கையன் கண்மாய்க் கரைமேல் ஏறினான். அதே மூச்சோடு கண்மாயில் குதித்தான். ராஜா மாலையை ஏந்தியபடி நின்றார். தண்ணீரில் ஒரு குமிழி வந்தது, பிறகு அதுவும் இல்லை. கரைக்கு அந்தப்பக்கம் கீழ்கரை வாய்க்காலில் தண்ணீர் குபுகுபுவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் மூக்கையன் தலையை வெளியே நீட்டி, மூச்சை விட்டான்.