சார்ஜுக்கு ஒரு தலையாட்டல்

"இதை ஏன் தள்ளினீங்க?"

ஏகாம்பரம் சொல்லும் பொருளும் எழுதிய அட்டையை மேசையில் ஓங்கி வைத்தார். டம்ளர் ஆடித் தண்ணீர் சிந்தியது.

திலகவதி டீச்சர் நிமிரவில்லை. ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாராகிற அந்த வீட்டில் அவர்தான் குரு. ஏகாம்பரம் அவரைவிட இருபது வயது மூத்த சீடர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கோபத்துக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. மனைவி போன பிறகு அவருக்குப் போக்கிடம் அந்த வீடு ஒன்றுதான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளையும், அது யார் தலையில் விடிந்ததோ அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால்தான் அகராதியில் ஏறும்.

ஏகாம்பரத்துக்குக் கிடைத்த சொல் 'சார்ஜ்'.

பஸ் சார்ஜைக் கூடையோடு பஸ் ஏறுகிற கீரைக்காரியிடம் வாசித்தார். சார்ஜ் ஷீட்டை, கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து விடுதலையான ஒருவரிடம் வாசித்தார். இருவரும் தலையாட்டினார்கள்.

'லத்தி சார்ஜ்: கூட்டத்தைக் கலைத்தல்.' இதற்கு மட்டும் அவர் எங்கும் போகவில்லை. தானே வாசித்துத் தானே தலையாட்டிக்கொண்டார்.

"இதுக்குத் தலையாட்டினது யாரு?" என்றார் டீச்சர்.

"நான்தான்! சர்வீஸ் முழுக்க லத்தி பிடிச்சவன். பஞ்சாலை கேட்டுல நானே அடிச்சிருக்கேன். என்னைவிட யாருக்குத் தெரியும்?"

"யாரை அடிச்சீங்க?"

"ஆர்டர் போட்டாங்க, அடிச்சேன்!"

"பேரு தெரியுமா?"

தெரியும். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கூலி உயர்வுக்காக ஆலை வாசலில் நின்ற மாராத்தாள். இப்போது அதே கேட்டுக்கு எதிரே டீக்கடை போட்டிருக்கிறாள். அவர் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறார்.

டீச்சர் அட்டையை நீட்டினார். "அவங்க தலையாட்டட்டும். இல்லைன்னா நீங்க இங்க வர வேண்டாம், ஏட்டையா."

வழியெல்லாம் டீச்சரைத் திட்டிக்கொண்டே போனார்.

மாராத்தாளுக்கு ஆளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பால் சட்டியை நங்கென்று வைத்தாள். அவர் வந்த காரியத்தைச் சொல்லி வாசித்தார்.

"கூட்டத்தைக் கலைத்தல்."

"கலைக்கறதா?" கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கலைஞ்சு எங்க போனோம்? ஊட்டுக்குத்தான் போனோம். வலியும் கூடவே வந்துச்சு. இந்தக் கை இன்னும் நிமிரல. இதுக்கா நான் தலையாட்டோணும்?"

அவருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அட்டையில் மிச்சமிருந்த வரியைக் கத்தி வாசித்தார்.

"சார்ஜ், மூலம்: லத்தீன். வண்டியில் பாரம் ஏற்றுதல்!"

மாராத்தாள் கோணிய கையால் ஒரு டீயை ஆற்றி யாருக்கோ கொடுத்தாள்.

"அது சரி." தலையாட்டினாள். "அதை மட்டும் எழுதிக்கங்க."

அவர் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஏட்டையா."

நின்றார்.

"ஏத்தறதுக்குச் சொல்லு வெச்சிருக்காங்க. ஏத்துனவனே வந்து இறக்கி வெக்கறதுக்கு என்ன சொல்லு?"

ஏகாம்பரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியலம்மா," என்றார்.